நேர்ச்சைக் கற்கள்

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு, எங்கள் ஊர் காஜா பெராங்கிலிருந்து ஐந்து குடும்பங்கள் புலாவ் பெசார் தீவுக்கு உல்லாசமாகப் போனோம். பக்கத்து வீட்டு அக்கா சபியா லாத்தா மட்டும் கடலில் இறங்கவில்லை. முன்பு பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டு, அங்கே தர்கா மரத்தில் கல்லைத் துணியில் முடிந்து கட்டியிருந்தார்; இப்போது பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பிறந்தால் கட்டிய கல்லை அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்தது திரும்பிப் போய்விடும் என்பார்கள். ஆனால் உப்புக்காற்றில் எல்லாத் துணிகளும் வெளுத்து ஒன்றுபோலத் தொங்கின.

"லாத்தா, மேகம் கறுக்குது, படகை எடுக்கணும்னு சம்பான்காரன் கத்துறான்!" என்றேன்.

அவர் எல்லாக் கற்களையும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த, பிள்ளையில்லாத சுல்தானா தன் கல்லைக் கட்டியதும் அந்த மரத்தில்தான்.

படகில் சுல்தானா லாத்தாவின் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். "அடுத்த வருஷம் எனக்கும் ஒண்ணு, இன்ஷா அல்லாஹ்! நீதான்டி குட்டி தொட்டில் ஆட்டணும்."

லாத்தா குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.