‘சேர்’ என்று ஒரு கட்டளை

“அண்ணே, மெஷின் ஒரு கேள்வி கேட்டிருக்கு. உடனே வாங்க.”

போன மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, தனபாலன் போனில் சொன்னது இவ்வளவுதான். வைத்துவிட்டார்.

மெஷின் கேள்வி கேட்குமா? எனக்குத் தெரிந்த மெஷின்கள் எல்லாம் காசு கேட்கும், கரண்ட் கேட்கும், ரிப்பேர்காரனைக் கேட்கும். கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் புறப்பட்டேன்.

தனபாலன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் இல்லை. இருப்பதெல்லாம் அட்டைகள். அலமாரி நிறைய அட்டைகள்! எல்லாமே ஒரே ஒரு தோட்டத்தைப் பற்றியவை. கிள்ளான் போகிற வழியில் இருக்கும் ரப்பர் தோட்டம் அது. அவர் பிறந்த இடம்.

பிறந்தார், அவ்வளவுதான். வளரவில்லை. நாலு வயதோ என்னவோ, அம்மா இறந்துபோனார். அப்பா இவரைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை, சாகும்வரைக்கும். அம்மாவின் பெயர் பாப்பாத்தி. தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்திருக்கிறார்கள். தனபாலனுக்குத் தெரிந்தது இந்த இரண்டும்தான். போட்டோ கூடக் கிடையாது.

அம்மாவைத் தெரிந்துகொள்ள வழியில்லாத மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அம்மாவைச் சுற்றி இருந்தவர்களை எல்லாம் சேர்க்க ஆரம்பித்தார்.

எப்படி? நம் தமிழ்ப் பேப்பர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே... மரண அறிவிப்பும் நினைவஞ்சலியும் இல்லாவிட்டால் பாதிப் பக்கம் வெள்ளையாக வரும். தினமும் காலையில் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். இறந்தவர் அந்தத் தோட்டத்தில் இருந்தவர் என்று போட்டிருந்தால் கத்தரிக்கோல் வேலை செய்யும். அட்டையில் ஒட்டி, ஓரத்தில் சிவப்பு மையில் தலைப்புகள் எழுதுவார். வேலை வாங்கும் தண்டல். கணக்கு எழுதும் கிராணி. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை. கள்ளுக்கடை. கோயில் பூசாரி. குழிவெட்டி. ஆட்டுக்கல், தூக்குச்சட்டி என்று சாமான்களைக்கூட விடமாட்டார். இந்தத் தலைப்பு விவரமெல்லாம் அவ்வப்போது ரயிலடியிலும் கோயிலிலும் பார்த்தவர்களிடம் கேட்டுப் பொறுக்கியவை. அம்மாவைத் தெரிந்தவர் யாரும் அதில் சிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரவி ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். அவன்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அட்டைகளை எல்லாம் உள்ளே ஏற்றி, இரண்டு கட்டளைகளும் எழுதிக் கொடுத்தவன். தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ‘தேடு’ என்றால் கேட்ட அட்டை வரும். ‘சேர்’ என்றால், எங்கேயோ கிடக்கும் இரண்டு தலைப்புகளை உருவி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடும்.

“எதுக்குடா இது?” என்று அன்றைக்கே கேட்டேன்.

“புது ஐடியா வரும் அங்கிள். மனுஷன் ஒரே பக்கமா யோசிப்பான் லா. இது அப்படி இல்ல.”

நான் சிரித்தேன். சிரிக்காமல்? முதல் தடவை தட்டியபோது ‘கிராணி – ஆட்டுக்கல்’ என்று வந்தது. அடுத்தது ‘ஆயாக்கொட்டகை – கள்ளுக்கடை’! ஆனால் உண்மையை மறைப்பானேன்? இந்தப் பேப்பரில் இதே இடத்தில் ‘சைக்கிளும் சாமியாட்டமும்’ என்று ஒன்று எழுதினேனே, பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்களே... அது மெஷின் கொடுத்த தலைப்பு.

ஆனால் இந்தத் தடவை சிரிக்கிற நேரமில்லை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடமைப்புத் திட்டம் வருகிறதாம். கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: சுடுகாட்டில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய சொந்தக்காரர்கள் மாதக் கடைசிக்குள் வரவும். காட்டாத குழிகளை எல்லாம் தோண்டி, மொத்தமாக ஒரே இடத்தில் புதைத்துவிடுவார்கள்.

தனபாலன் போய்ப் பார்த்தார். புல்லும் மேடும்தான். கல் இல்லை, பெயர் இல்லை. எந்த மேடு அம்மா?

மாடிக்கு ஏறிப் போனேன். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். திரையைக் காட்டினார்.

‘குழிவெட்டி – தூக்குச்சட்டி.’

“தோட்டத்துக்குக் குழி வெட்டுனவரு கருப்பையா. செத்துட்டாரு, அட்டை இருக்கு. அவர்கிட்ட எப்படிக் கேக்கிறதுன்னுதான் இத்தனை நாளா முட்டிக்கிட்டேன். ஆனா அண்ணே... குழி வெட்டுறவருக்கு மத்தியானம் யாரோ தூக்குச்சட்டியில சோறு கொண்டு போயிருப்பாங்கல்ல? பெண்டாட்டியோ, மகளோ? அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும், யாரு எங்கன்னு?”

இத்தனை வருஷம் இது நம் மண்டையில் உதிக்கவில்லையே! ரவியின் டப்பா யோசித்துவிட்டதே!

“கருப்பையா அட்டைய எடு தனா. பிள்ளைங்க பேரு, அட்ரஸ் எல்லாம் அறிவிப்புல போட்டிருப்பாங்கல்ல?”

எடுத்தார். போட்டோ இருந்தது. பெயர், வயது, இறந்த நாள், தோட்டத்தின் பெயர். அதோடு முடிந்துவிட்டது. அடியில் நேர்க்கோடாகக் கத்தரித்திருந்தது.

“கீழே எங்க?”

“கீழேயா? அது வெறும் ‘ஆழ்ந்த துயரத்துடன்’தானே அண்ணே. மகன், மருமகள்னு போகும். அட்டையில இடம் பத்தாது. வெட்டிப் போட்டுடுவேன்.”

“எல்லாத்துலயுமா?”

எழுந்து அலமாரியைத் திறந்து ஒவ்வொரு அட்டையாக உருவிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மேல்பாதிதான். செத்தவர்களைப் பத்திரமாக ஒட்டி வைத்துவிட்டு, உயிரோடு இருந்தவர்களை எல்லாம் தினமும் காலையில் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறார்.

பத்திரிகை ஆபீசில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. கரையான் போக மிச்சமிருந்த பழைய கட்டுகளைப் புரட்டி, மூக்கெல்லாம் தூசியாகி, கருப்பையாவின் கீழ்ப்பாதியைக் கண்டுபிடித்தோம். ‘மகள், மருமகன், பேரப்பிள்ளைகள்’ என்று மட்டும் இருந்தது. பெயர் போடவில்லை. ஆனால் கம்போங் மேடானில் ஒரு வீட்டு எண் இருந்தது. மகள் இருக்கிறார்! கார் முழுக்க தனபாலன் பேசிக்கொண்டே வந்தார். அந்த மனுஷன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மலிவு விலை வீட்டு வரிசை. கதவைத் திறந்தது கருப்பையாவின் பேத்தி. ஷா ஆலம் பேக்டரியில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது அந்தப் பெண். உடுப்பு கூட மாற்றியாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னோம்.

“உள்ள வாங்க அங்கிள். ஆமா, அம்மாதான் தாத்தாவுக்குச் சோறு கொண்டு போவாங்க. ஆனா அம்மா...”

சுவரைப் பார்த்தது. நாங்களும் பார்த்தோம். மாலை போட்ட படம்.

“தைப்பூசத்துக்கு அப்புறம் தவறிட்டாங்க.”

தனபாலன் படத்துக்குக் கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

“இந்தப் படத்த நான் வெட்டியிருக்கேன் அண்ணே. திருமதி அஞ்சலை முனியாண்டி. என்கிட்ட அட்டை இருக்கு.”

இருக்காதா பின்னே? தோட்டத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள், வெட்டி ஒட்டிவிட்டார். போன தைப்பூசம்வரை, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அந்தப் பெண் பாவம், ஷிப்டை மறந்து எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தது.

“அம்மா அந்தக் குழிங்களப் பத்தி எந்நேரமும் பேசுவாங்க அங்கிள். இது யாரு, அது யாருன்னு ஒண்ணொண்ணா சொல்லுவாங்க. ஒரு பொம்பளயப் பொதைக்கும்போது அவங்க மகன், சின்னப் பையன், எங்கம்மா கையில இருந்த தூக்குச்சட்டிய இழுத்து சோறு கேட்டானாம். தாத்தா சோத்துலேருந்து அள்ளிக் குடுத்தாங்களாம். அதச் சொல்றப்பல்லாம் அழுவாங்க.”

தனபாலன் மைலோ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொம்பள பேரு என்னம்மா?”

“சொல்லியிருக்காங்க அங்கிள்...”

“எந்தப் பக்கம் பொதைச்சாங்கன்னு ஏதாச்சும்? மரம், கிணறு, கோயில் பக்கம்?”

“அதுவும் சொன்னாங்க.” அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன் அங்கிள்.”

யாரைக் குறை சொல்வது, சொல்லுங்கள்? நாள் முழுக்க பேக்டரியில் நின்றுவிட்டு வருகிற பெண், சாயங்காலம் சுடுகாட்டுக் கதையா கேட்கும்?

திரும்பி வந்தோம். ரவிக்குச் சொன்னபோது அவன் மட்டும், “இன்னும் தட்டிப் பாப்போம் அங்கிள், வேற ஐடியா வரும்” என்றான். வரும்தான். யோசனைக்கா பஞ்சம்? ‘சேர்’ என்று தட்டத் தட்ட வந்துகொண்டே இருக்கும். போய்க் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சுடுகாட்டைத் தோண்டினார்கள். சொந்தம் கொண்டாட ஆளில்லாதவர்களை எல்லாம் ஒரே நீளக் குழியில் வைத்தார்கள். தனபாலன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்திருந்தார். கான்ட்ராக்டரின் ஆள் பேனாவும் கையுமாக வந்து, “யாருக்கு செய்யிறீங்க, அங்கிள்? பேரு?” என்று கேட்டான். தனபாலன் அந்தக் குழியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

“எல்லாருக்கும் எழுதிக்கப்பா” என்றார்.

சோற்றைப் பிடிப்பிடியாக எடுத்து, நீளத்துக்கும் வைத்துக்கொண்டே போனார். கடைசிவரை பத்தவில்லை. வெறும் சட்டியோடு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். ஐம்பது தாண்டிய மனுஷன், நாலு வயதுப் பையன் மாதிரி அழுதார். நான் என்ன செய்வேன்? பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டரின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. பேப்பரும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை வெட்டியது கீழ்ப்பாதியை. அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டு, “அம்மா, உங்களுக்கு என்னையத் தெரியாது. வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா? சும்மா பேசலாம்னு...” என்றார். வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த நம்பரைச் சுழற்றினார்.

உங்கள் வீட்டுக்கும் அந்தப் போன் வரலாம். டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.