சேர்த்துக் கட்டிய கயிறு

இலத்தூர்க் கால்வாயில் மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சி அவர். நெட்டையான ஆள், நரைத்த மீசை. வழியிலுள்ள ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறதென்று எண்ணாமல் நகரமாட்டார்.

கால்வாயில் தண்ணீர் கசிந்து வீணாகிறதென்று, ஓவர்சியரான நான் சிமெண்ட் பூச ஆள் கொண்டுபோனேன். மண்வெட்டியை ஊன்றி மறித்தார்.

"வீணாப் போகுதுன்னு யாரு சொன்னா, சார்வாள்? அதைத்தான இந்தக் கிணறெல்லாம் குடிக்குது!"

"படிச்சவன் நானா, நீரா?" என்று கத்திவிட்டுப் பூசி முடித்தேன்.

மறுவருஷம் குற்றாலத்தில் அருவி கொட்டியது; கால்வாயும் நிரம்பி ஓடியது. அவர் ஆபீசுக்குள் விறுவிறுவென்று வந்து, என் மேஜைமேல் ஒரு துண்டுக் கயிற்றை வீசினார்.

"நீரு மிச்சம்புடிச்ச தண்ணிக்கு, கிணத்து வாளியில நாங்க சேத்துக் கட்டுன கயிறு இது. அளந்து எழுதிக்கிடும்!"

கால்வாயை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். அந்தக் கயிற்றை அளக்க மட்டும் இன்றுவரை துணியவில்லை.