மங்களா அக்கா எழுப்பிய சேர்வர்கள்

"மங்களா போயிட்டா, பரீனா." திங்கட்கிழமை காலை அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, ஒரு கடை வாசலில் நின்று அழுதேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த மங்களேஸ்வரி அவர்கள், எங்களுக்கு மங்களா அக்கா, யுத்த காலத்தில் கண்டிக்கு வந்து நான் வேலை செய்த கணினி நிலையத்தில் சேர்ந்தவர். ஒரு வைத்தியசாலையின் இரத்த வங்கிப் பதிவுகள் எங்களிடமே இருந்தன. அதற்காகச் சேர்வர் எனும் பெரிய கணினிகள் சிலவற்றை ஒன்றாகப் பிணைத்திருந்தோம். ஒன்று நின்றாலும் மற்றவை வேலையைத் தாங்கும். மக்கர் பண்ணும் இயந்திரத்தைக்கூட அக்கா ஏச மாட்டார். "பாவம், அதுக்கு என்ன குறையெண்டு கேப்பம்" என்பார்.

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் கண்டியில் தேடுதல் நடந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் அக்காவைப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கென்று கரண்ட் போய் வந்ததில் சேர்வர்கள் எல்லாம் நின்று எழும்பின. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை, கோளாறு ஒன்றும் இல்லை என்றது. ஆனால் வைத்தியசாலையால் ஒரு பதிவையும் திறக்க முடியவில்லை. அங்கே பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய அரிய வகை இரத்தத்தைக் கொடுக்கக்கூடியவரின் விலாசம் உடனே வேண்டும். பதிவுகளைத் திறந்து கொடுக்கும் சேவையை நான் திரும்பத் திரும்பத் தொடக்கினேன், தொடங்கியதும் விழுந்தது.

சிங்களவரான எங்கள் முகாமையாளர் பொலிஸுக்குப் போய், பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்து அக்காவைக் கூட்டிவந்தார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"அதை விடு. மெஷின் எழுதி வைக்கிற லொக்கில கடைசியா என்ன எழுதிக் கிடக்கு?" என்றபடி கதிரையை இழுத்துப் போட்டார்.

மூக்குக்கண்ணாடியை நேராக்கி, வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "பதிவுகள் கிடக்கிற பொது டிஸ்க் இணையிறதுக்கு முதலே சேவை எழும்புது. டிஸ்க்கைக் காணேல்ல எண்டு விழுந்திடுது."

"அப்ப ஏன் பச்சையாக் காட்டுது?"

"மெஷினுக்கு உயிர் இருக்கோ எண்டு மட்டுந்தான் திரை பாக்குது. வேலை செய்யுதோ எண்டு கேக்கேல்ல."

முதலில் டிஸ்க்கை இணைத்தார். பிறகு ஒவ்வொரு சேர்வரிலும் சேவையைக் கையால் எழுப்பினார். பதிவுகள் திறந்தன, விலாசம் கிடைத்தது. பன்வில தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் வந்து இரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று மாலையில் சொன்னார்கள்.

அப்போதுதான் அக்கா கதிரையை விட்டு எழும்பி என் கையைப் பிடித்தார். "இப்பதான் பயமாக் கிடக்கு, பரீனா. என்னைத் தனியப் போக விடாதை."

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் பல மாதங்கள் தங்கினார். என் உம்மா, சைவமான அவருக்கென்று தனிச் சட்டியில் மரக்கறி சமைத்தார். அந்த வாரமே, டிஸ்க் வரும்வரை சேவை காத்திருக்கும்படியும், திரை தானே ஒரு பதிவைத் திறந்து பார்க்கும்படியும் அக்கா மாற்றியமைத்தார். பின்னர் சகோதரர்கள் கனடாவுக்கு அழைத்தபோது போகவில்லை. "இஞ்சயும் எனக்கு ஆக்கள் இருக்கினம்" என்றுவிட்டு, கண்டியிலேயே கல்யாணமும் செய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை செத்த வீட்டில், அவரைக் கிடத்தியவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒதுங்கி நின்ற என்னைக் கணவர் கூப்பிட்டார். "பரீனா, நீங்கள் போட்டு விடுங்கோ. அது இல்லாட்டி அவவுக்கு ஒண்டும் தெரியாது."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து அணிவித்தேன். கொஞ்சம் சரிந்து நின்றது, நேராக்கினேன்.

போய்வாருங்கள், அக்கா.