சுருட்டுக்காரர் காலி செய்த வீடு

மழை மாதங்களில் சுவர் வியர்ப்பது கீழ் கோத்தகிரிப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. ஆனால் மஞ்சளாக வியர்த்த சுவரை அந்த வீட்டில்தான் பார்த்தேன். மேலே புதுச் சுண்ணாம்பு. அதைத் துளைத்துக்கொண்டு தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, பாதி வழியில் நின்றிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். சுருட்டு.

எஸ்டேட்டில் எங்களுக்கு அப்போதுதான் தனி வீடு கிடைத்திருந்தது. அதுவரை மாமியார் வீட்டில், ஒரே அறையில் எல்லோரும். புது வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் பேக்டரி அடுப்புக்கு விறகு போட்டவர். மனைவி போன பிறகு தனியாள். குளிருக்கு ஜன்னல் இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்துக்கொண்டு, வருஷக்கணக்காக உள்ளேயே உட்கார்ந்து சுருட்டுப் பிடித்திருக்கிறார். வேலை முடிந்து மலைக்குக் கீழே சமவெளியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சுவர்மேல்தான்.

குடிபோன கொஞ்ச நாளில் என் மகளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. தவழ ஆரம்பித்திருந்த வயசு. கையை ஊன்றின இடமெல்லாம் நக்கும். நான் கொழுந்து பறிக்கப் போகும்போது மாமியாரிடம் விட்டுப் போவேன். பகலெல்லாம் அங்கே நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்க வைத்தால் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, குளிர்தான் என்றார்கள். குளிர் என்றால் மாமியார் வீட்டில் மட்டும் குளிராதா?

இதை நான் சொன்னால் யார் கேட்பார்கள்? நான் பேர்போன பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடம் போகும் வழியில் காட்டெருமை நிற்கும் என்று பயந்தே ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இன்றைக்கும் தூங்குகிறவர் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல புள்ளைய வெச்சுக்க வேண்டாமுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"ஆளே ஊரப் பாத்துப் போயிட்டாரு. பொகை எங்க புள்ள இருக்குது? புடிச்சுக் காட்டு பாக்கலாம்."

"செவுத்துல இருக்குதுங்க. மேல பலகையில இருக்குது. அவரு உட்டுட்டுப் போன மெத்தையில இருக்குது."

"உன்ற மண்டையில இருக்குது."

மாமியாரும் தன் பங்குக்குச் சொன்னார்: "அன்னைக்குக் காட்டெருமை, இன்னைக்குச் செவுரு. அடுப்புப் பொகையில வளந்தவதான நீயி? உனக்கென்ன ஆயிப்போச்சு?"

"வருசம் பூரா இருமிட்டுத்தானுங்களே அத்தை இருக்கறேன்."

அவர் அடுப்பை ஊதப் போய்விட்டார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தூள் மூட்டை கட்டும் அறையில் வேலை. அந்த அறையின் சட்டம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பீடி பிடித்த கையோடு தூளைத் தொடக் கூடாது. சோப்பு, மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கும் நாற்றத்தையெல்லாம் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பெயின்ட் அடித்த கதவு ஓரம் ஒரு மூட்டையை வைத்துவிட்டு அவரே செமத்தியாக ஏச்சு வாங்கியிருக்கிறார். டீ ருசி பார்க்கும் மேசையில் கோப்பை அடுக்குவதும் அவர்தான். நாக்கு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுக்கும் தூளில் ஒரு கை எடுத்துத் தட்டில் பரப்பி, குழந்தை படுக்கும் அறையில் அலமாரிப் பலகைமேல் வைத்தேன். குழந்தையைக் குளிர் என்று சாக்குச் சொல்லி ராத்திரியும் மாமியாரிடமே விட்டேன். சில நாள் கழித்து, காலையில் அந்தத் தூளில் டீ போட்டு அவர் கையில் கொடுத்தேன். அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாய்தான் குடித்தார். வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"எவன்டா அவன், சுருட்டுப் புடிச்ச கையில தூளை அள்ளுனவன்? ஸ்டோர்ல போயி நாலு கேள்வி கேக்காம உடமாட்டன்!" மிச்சத்தையும் மண்ணில் கொட்டினார்.

"ஸ்டோர்ல யாரும் ஒண்ணும் பண்ணலீங்க. அது நம்ம ரூம்புல தட்டுல இருந்த தூளு."

கோப்பையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு ஆம்பளைக் குரலில், "தேயிலை வேற, புள்ள வேற" என்றார்.

"ஆமாங்க, வேறதான். தூளு சும்மா கெடந்துச்சு, அதுக்கே இப்புடி. நம்ம புள்ள மூச்சு உடறா, செவுத்தத் தொட்ட கைய வாயில வெக்கறா. நாறுன டீயக் கீழ ஊத்திப்போட்டீங்க. இவள எங்கீங்க ஊத்தறது?"

அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"செரி, ஊட்டத் திருப்பிக் குடுத்துரலாம்" என்றார்.

"அடுத்து வர்றவளுக்கும் புள்ள இருக்குமுங்க."

இரண்டு பேரும் லீவு போட்டோம். சாக்கை உருவினோம். கூரைக்கு அடியில் அடித்திருந்த மேல்பலகையைக் கழற்றினோம். நல்ல மெத்தை என்று என் வீட்டுக்காரர் ஆசையாக வைத்திருந்ததை அவரே சுமந்துபோய்க் குப்பைக்குழியில் போட்டார். வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, கரண்டியால் சுண்ணாம்பைக் கல் தெரிகிற வரைக்கும் சுரண்டினோம். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபோது கொட்டின தண்ணீர் டிகாஷன் மாதிரி ஓடியது. லயன் வீட்டு வரிசை முழுக்க வேடிக்கை.

"ஏனக்கா, பேய் ஓட்டறீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா. உன்ற ஊட்டுக்காரருகிட்ட ஒரு பீடி வாங்கிட்டு வா, படையல் போட்டுருவோம்."

இன்று இதையெல்லாம் டாக்டர்களே சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த புகை போன பிறகும் அதன் நஞ்சு சுவரிலும் துணியிலும் தங்கும். மெல்ல மெல்லக் காற்றில் திரும்பி வரும். ஜன்னலைத் திறந்து மூடினால் மட்டும் போகாது. தரையில் தவழ்கிற குழந்தைக்குத்தான் அதிகக் கேடு. அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

சுரண்டல் முடிகிற நேரத்தில் எஸ்டேட் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி வந்து நின்றார். சாதாரணமாக அவர் தலை தெரிந்தாலே நான் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். அன்று பார்த்து வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போயிருந்தார்.

"யாரக் கேட்டு எஸ்டேட் செவுத்தச் சொரண்டுனீங்க?"

"யாரையும் கேக்கலீங்க. கேட்டா வேண்டாம்பீங்க."

"வாய் நீளுதே! நாளைக்கே ஆளனுப்பறேன். சுண்ணாம்பு அடிச்சு மூடோணும்."

"மூட உடமாட்டனுங்க. மூடித்தானுங்க எங்ககிட்டக் குடுத்தீங்க."

கரண்டியை எடுத்து மிச்சத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் வரவில்லை.

கல் காய்ந்து, என் மூக்குக்கு ஒன்றும் எட்டாமல் போன பிறகுதான் மகளைத் தூக்கி வந்தேன். அதற்கப்புறம் இழுப்பே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சளி பிடித்தால் வந்தது. ஆனால் தினசரி சாயங்காலம் கத்திய அந்த நெஞ்சு கத்தவில்லை. வெறும் கல்சுவர், பார்க்க மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும் என்றேன். ஜன்னலில் பனி வருது, சாத்து சாத்து என்று மாமியார் வரும்போதெல்லாம் சொன்னார். நான் சாத்தவில்லை. பிள்ளைக்கு இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன்.