எங்கள் மாடிப்படிக்குக் கிடைத்த பெயர்

கண்ணுகளா, நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்த அந்தத் தாளின் கதையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

டாக்குரியாவில் நம் பலகாரக் கடை இருக்கும் கட்டிடத்துக்கு, துர்கா பூஜைக்கு முந்தின மாதம் தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார். மாடிப்படியில் நான் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள், எண்ணெய் டின்கள், தெர்மாகோல் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு தாளில் ‘ஃபயர்ட்ராப்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். ‘ஃபயர்’ என்றால் தீ, ‘ட்ராப்’ என்றால் பொறி; எலிப்பொறி எலியைப் பிடிக்கும். அப்படியானால் இது தீயைப் பிடித்துவைக்கும் நல்ல ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டேன். நான் பத்தாவதோடு நின்றவன். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தாளைக் கல்லாவுக்கு மேல் ஒட்டினேன்.

மறுநாள் பெரியவள் படித்தாள்.

“அப்பா, இது சர்டிபிகேட் இல்ல. இந்தப் பொறியில மாட்டறது மனுஷா.”

போனில் அகராதி பார்த்து விளக்கமும் சொன்னாள். ‘ட்ராப்’ என்பது மிருகங்களுக்கு வைக்கும் கண்ணிக்கு மிகப் பழைய சொல். அதோடு தீயைச் சேர்த்து, நூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பெயரை உண்டாக்கிவிட்டார்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லாத கட்டிடம் என்று அர்த்தம்.

“பொறின்னா உள்ளே மசால்வடை வைக்கணுமே. இங்க வடை எது?” என்றேன்.

“குடோன் வாடகை மிச்சம்னு சொல்லிண்டே இருக்கியே, அதான்.”

சின்னவன் கைதட்டினான். “மூணாம் மாடி மாஷிமா எப்படி இறங்கறாள்னு நீ பார்த்திருக்கியாப்பா?”

பார்த்ததில்லை. மறுநாள் காலையில் நின்று பார்த்தேன். கட்டிடத்தில் எல்லாருக்கும் பெரியம்மா முறையான மாஷிமா முழங்கால் வலிக்காரி. கைப்பிடிக் கம்பி என் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்ததால், சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினாள். அவள் கீழே வந்து சேர்வதற்குள் கடையில் ஒரு ஈடு வடை வெந்து, அடுத்த ஈடும் வெந்துவிட்டது.

“ஏன் மாஷிமா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று பெங்காலியில் கேட்டேன்.

“எதுக்குச் சொல்லணும்? பூஜை முடிஞ்சதும் எடுத்துடறேன்னு நீதானே சொன்னே.”

சொன்னேன்தான். நாலு பூஜைக்கு முன்னால்.

அன்றே ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு அறை பிடித்து எல்லாவற்றையும் மாற்றினேன். சாமான்களை ஏற்றிப்போன வண்டிக்காரர் போய்விட்டார், நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். புகையில் கண் தெரியாது என்று அந்த அதிகாரி அன்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மூன்றாம் மாடிக்கு ஏறி, கண்களை மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி தெரு வரைக்கும் இறங்கினேன்.