பாட்டுக் கடையும் டெலிபோன் ஃபேக்டரியும்

எண்பதுகளின் பிற்பாதியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த பாடாங் செராய் பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு கேசட் கடை இருந்தது. கடை என்பது பெரிய பேச்சு. மருந்துக்கடையின் பக்கச் சுவரை ஒட்டி இரண்டு ரெக்கார்டர் வைக்கிற இடம், அவ்வளவுதான். தோட்டத்து ஆட்கள் பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாளில் பதிந்து வைப்பேன். அந்தப் பாட்டுகள் யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.

அக்கா சுங்கைப்பட்டாணியில் டெலிபோன் பாகங்களைப் பூட்டும் ஃபேக்டரியில் இருந்தாள். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்ததே அந்த வேலைதான்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "தம்பி, எங்க சாமான் எல்லாம் அமெரிக்காவுக்குத்தான் போகுது. அவன் பாட்டையும் இங்க திருடிப் பதியிறாங்கன்னு கோவமாம். கள்ளக் கேசட்ட நிறுத்தலன்னா எங்க சாமானுக்கு வரியை ஏத்திருவானாம். ஆர்டர் போச்சுன்னா ஆளக் கொறைப்பாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. விட்ரு லா."

"பாடாங் செராய்ல நான் பாட்டுப் பதியிறது அமெரிக்காக்காரன் காதுல விழுதாக்கா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

கள்ளக் கேசட்டுக்கு எதிராகப் புதுச் சட்டம் வந்தது. அப்போதும் நான் விடவில்லை. அதைவிடக் கூத்து ஒன்றும் செய்து வைத்திருந்தேன். என் கேசட்டை வாங்கிப் பக்கத்துக் கடைக்காரன் பதிந்து விற்கிறான் என்ற ஆத்திரத்தில், ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் கடைப் பெயரையும் இடத்தையும் என் குரலிலேயே சொல்லி, பிறர் பதிந்து விற்கக் கூடாது என்று எச்சரித்திருந்தேன். அதிகாரிகள் வந்தபோது, எல்லாம் பினாங்கில் வாங்கியவை, நான் பதிந்தவை அல்ல என்று சாதித்தேன். ஒருவர் ஒரு கேசட்டை எடுத்து ஓடவிட்டார். என் குரல் கணீரென்று வந்தது. ரெக்கார்டர் உட்பட அத்தனையையும் பெட்டியில் அள்ளிப்போனார்கள்.

போனால் போகிறது, அக்கா வேலையாவது நிலைக்கும் என்று தேற்றிக்கொண்டேன். சில மாதத்தில் ஃபேக்டரியில் ஆட்குறைப்பு. முதல் பட்டியலிலேயே அக்கா. ஆர்டர் குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்களாம். வரி ஏறியதாக நான் எங்கும் கேள்விப்படவில்லை. வேறு நாட்டில் மலிவாக ஆள் கிடைத்திருக்கும் என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பாள். "நான் சொன்னப்பவே விட்டிருக்கலாம் தம்பி" என்பாள்.

என் கேசட்டால்தான் வேலை போனது என்று அவள் நினைப்பது தவறு என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அன்றும் இன்றும். வேலை போன அடுத்த மாதம் அவள், நாங்கள் விட்டு வந்த பழைய தோட்டத்திலேயே ரப்பர் பால் வெட்டப் பெயர் கொடுத்தாள்.