நடந்ததைச் சொன்னவர்

எங்களுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். எழுபதுகளின் பின்பாதி. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் கணவர் ஒரு பெரிய நிலக்காரரிடம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த நிலம் இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. அவர் கூலியும் என் நடவுக் கூலியும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும்.

அந்த நிலக்காரரின் தம்பி திடீரென்று காலமானார். ஏரி மதகுக்குக் கீழே ஒரு ஏக்கர் நிலத்தைத் தம்பி தனியாகப் பயிர் வைத்திருந்தார். பாகம் பிரிக்கவே இல்லை, எல்லாம் தன் அனுபவத்தில்தான் இருந்தது என்று அண்ணன் வழக்குப் போட்டார். தம்பி மனைவிக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை, வேறு துணையில்லை.

நிலக்காரர் என் கணவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் அப்போது களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்த நெலத்த உழுதது நீதானேடா. கூலி குடுத்தது நான்னு கோர்ட்ல ஒரு வார்த்த சொல்லிடு, போதும்."

"கூலி குடுத்தது சின்னவருங்க ஐயா," என்றார் இவர்.

"அத்த யாருடா கேட்டா?"

"நடந்தத வேணா சொல்றேங்க. இல்லாதத சொல்ல மாட்டேன்."

நிலக்காரர் கோபப்படவில்லை. வேப்பமரத்தைப் பார்த்தபடி, "சரி, போ," என்றார். மறுநாளிலிருந்து எங்களுக்கு வேலை இல்லை. ஊரில் மற்ற நிலக்காரர்கள் எல்லாரும் அவருக்கு உறவு. யாரும் கூப்பிடவில்லை.

நான் சண்டை போட்டேன். "சாமி பொய் சொல்லாதன்னாரு, சரி. புள்ளைங்கள பட்னி போடுன்னாரா?"

இவர் சொன்னார்: "பொய்ச்சாட்சி சொல்லிட்டு ஞாயித்துக்கெயம கோயில்ல எப்டி முட்டி போடறது?"

வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார். வாரம் ஒருமுறை வருவார். கழுத்துக்குக் கீழே தோல் உரிந்திருக்கும். நான் புள்ளலூர்ப் பக்கம் போகும் நடவுக் கும்பலோடு சேர்ந்துகொண்டேன். கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்த நாட்கள் அவை.

தம்பி மனைவியான அந்த அம்மாவின் வக்கீல் கேட்டு, காஞ்சிபுரம் கோர்ட்டில் இவர் சாட்சி சொன்னார். சின்னவர் உழச் சொன்னார், உழுதேன். சின்னவர் கூலி கொடுத்தார், வாங்கினேன். அவ்வளவுதான்.

ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே உறவுக்காரர்கள் கூடிப் பேசி, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நிலம் அண்ணனுக்கே போயிற்று. இத்தனை பாடும் எதற்கு என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

ஊரை விட்டுத் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய நாளன்று அந்த அம்மா எங்கள் காலனிக்குள் வந்தார். கையில் குழந்தை. அவர்கள் தெருவிலிருந்து பெண்கள் யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. இவர் கூழ்ச் சட்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார் அந்த அம்மா என்னிடம்.

"எங்க வூட்டுத் தண்ணிங்களே," என்றேன்.

"தெரியும். குடு."

அவர்கள் வீட்டில் நாங்கள் கையேந்தித்தான் தண்ணீர் குடிப்போம், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நான் சொம்பை நீட்டினேன். அவர் வாங்கி, குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தான் குடித்தார். பிறகு இவரைப் பார்த்து, "நெலம் போனது போவட்டும். எம் புருசன் பயிர் வெச்ச எடம்னு நாலு பேர் கேக்க ஒருத்தராவது சொன்னீங்க. எனுக்கு அது போதும்," என்றார். பஸ் வரைக்கும் அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு ஏர் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. நிலக்காரர் திரும்பக் கூப்பிட்டார். இவர் போனார்.

"இன்னாய்யா, வெக்கமா இல்லியா?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஆள் வேணும், நமுக்கு சோறு வேணும். அவரும் மனுசன் தானே?"

மதகுக்குக் கீழே இருந்த அதே நிலத்தை அந்த வருஷமும் இவர்தான் உழுதார். மாலையில் ஜெபம் செய்யும்போது அந்த அம்மாவையும் குழந்தையையும் சொல்லுவார். அதன்பின் நிலக்காரர் குடும்பத்தையும் சொல்லுவார். இரண்டாவதற்கு ஆமென் சொல்ல எனக்கு வெகுகாலம் ஆயிற்று.